கப்பல்ல ஹாரன் அடிக்கிறவங்க

இல்லம்மா, அதுல உக்காராதீங்க, அது கால் ஆடும். முன்ன உக்காந்திருந்த ஜன்னல் பக்கமே வாங்க. தூக்கிப் போடணும்னு தினமும் நினைக்கிறேன். தூக்கிப் போட்டா வேற ஒண்ணு வராது, அதனால சுவத்தோட சாத்தி வச்சிருக்கேன். இங்க பாதி சாமான் அப்படித்தான் நிக்குது. பாதி ஆளுங்களும் அப்படித்தான். இந்தாங்க, பிஸ்கட் எடுத்துக்கோங்க. பாதி பாக்கெட்டா இருக்கேன்னு பாக்காதீங்க, நல்ல பிஸ்கட்தான். விடியக்காலையில கிளம்பியிருப்பீங்க, வயித்துல ஒண்ணும் போயிருக்காது, மூஞ்சிலயே தெரியுது.

சரி, அப்புறமா சாப்பிடுங்க. பக்கத்துலயே இருக்கட்டும்.

வந்தாங்களான்னு கேக்குறீங்க. புரியுதும்மா. சொல்றேன். கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்னு எழுந்து போனவ இவ்வளவு நேரம் கழிச்சு வந்து பிஸ்கட்டைப் பத்திப் பேசினா யாருக்குத்தான் கோவம் வராது? பெத்த பொண்ணை அஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்க வந்திருக்கீங்க. கோர்ட்டு பாக்கலாம்னு சொல்லியாச்சு, உங்க டாக்டர் எழுதிக் குடுத்தாச்சு, உங்க அண்ணனும் தலையாட்டியாச்சு. எல்லாம் சரிதான். ஆனா ஒரு விஷயம் இருக்கு, அதை நான் சொல்லியாகணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் எனக்கே பிடிபடல.

அதுக்கு முன்னாடி இந்த மூட்டையை நடுவுல இழுத்துப் போட்டுக்குவோம். பயப்படாதீங்க, பழைய துணிதான். வளர்ந்த பிள்ளைங்களோட துணியை யாராவது கொண்டு வந்து குடுப்பாங்க. துவைச்சுத்தான் குடுக்கிறாங்க. கிழிஞ்சது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம், சின்னது கீழ, பெருசு மேல. அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? ஓட்டல் லாண்டரியில இஸ்திரி போடுறீங்கன்னு அன்னைக்கு போன்ல சொன்னீங்களே. அட, பாருங்க, சட்டைக் கையை என்ன அழகா உள்ள மடிக்கிறீங்க. நான் மடிச்சா எல்லாம் மூட்டையிலேருந்து எடுத்து மறுபடியும் மூட்டை கட்டின மாதிரி இருக்கும்.

இல்ல, வேலை வாங்குறேன்னு நினைக்காதீங்க. இது எங்க வழக்கம். அப்பா அம்மாவோட இருக்க முடியாத பிள்ளைங்களைச் சித்தி, பெரியப்பா, மாமா, அத்தைன்னு யாராவது எடுத்து வளக்குறாங்க இல்லையா, அவங்களுக்கு ஒத்தாசை பண்றதுக்குத்தான் இந்த மையம். பொறுப்பு நான். ஆரம்பத்துல அவங்களையெல்லாம் வரச் சொல்லி, வட்டமா நாற்காலி போட்டு, மனசு விட்டுப் பேசுங்கன்னேன். ஒருத்தர் வாயைத் திறக்கணுமே! எல்லாரும் அவங்கவங்க செருப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மனசு விட்டுப் பேசணும்னா யாரைப் பத்திப் பேசுறது? சொந்தத் தங்கச்சியைப் பத்தி. சொந்தப் பிள்ளையைப் பத்தி. ஊரான் வீட்டுக் கதைன்னா உடனே பேசிடலாம். அப்புறம் ஒரு நாள் இந்தத் துணி மூட்டை வந்து இறங்குச்சு. கொஞ்சம் பிரிச்சுக் குடுங்கன்னு சும்மா கேட்டேன். கை வேலையில இறங்குச்சு பாருங்க, வாய் தானா திறந்துக்கிச்சு. எதிராளி கண்ணைப் பாக்க வேண்டாம் இல்லையா, சட்டையைப் பாத்துக்கிட்டே சொல்லிடலாம். அதுலேருந்து எனக்கு எது சொல்றதா இருந்தாலும் மூட்டை வேணும். கெட்ட பழக்கமாவே ஆயிடுச்சு.

கெட்ட சேதி எதுவும் இல்லம்மா. அவ நல்லா இருக்கா. கல்லு மாதிரி இருக்கா. அதை முதல்லயே சொல்லியிருக்கணும் நான்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வெளிய போர்டுல பெருசா என்னவோ எழுதியிருக்கு, ஆனா இங்க நான் பாக்குற வேலை, பாக்கலாம்னு சொல்றதுதான். ஸ்கூல்ல அப்பா அம்மா கையெழுத்து கேக்குறாங்க மேடம், நான் அத்தை, என்ன பண்றது? பாக்கலாம். ஆஸ்பத்திரியில ஊசி போட நீங்க யாருன்னு கேக்குறாங்க. பாக்கலாம். எங்க வீட்டுக்காரர் இது உன் அக்கா பெத்தது, நான் ஏன் தூக்கணும்னு கேக்குறாரு. இதுக்கு நான் என்னத்தைப் பாக்குறது? ஆனா பாக்கலாம்னுதான் சொல்றேன். வாய்ல அப்படித்தான் வருது. போன் அடிச்சா எனக்கு இப்பல்லாம் எடுக்கவே மனசு வர்றதில்ல, இன்னும் ஒருத்தருக்குப் பாக்கலாம் சொல்லணுமேன்னு.

சரி, உங்க அண்ணன் கதைக்கு வர்றேன்.

நாங்க அவரை லிஃப்ட்காரர்னுதான் கூப்பிடுவோம். முதல் தடவை வந்தப்போ உடம்பெல்லாம் கிரீஸ், தோள்ல கருவிப் பை, இன்னொரு தோள்ல உங்க பொண்ணு. ரெண்டையும் ஒரே மாதிரி தொங்க விட்டிருந்தாரு. அவளுக்கு மூணு வயசு இருக்கும். தங்கச்சி ஒரு வாரம்னு சொல்லி இவளை விட்டுட்டுப் போனா, நாலு மாசம் ஆச்சு, எனக்கு இதெல்லாம் தெரியாதுங்கன்னாரு. எதெல்லாம்னு கேட்டேன். எதுவுமேன்னாரு. அவ தலையைப் பாக்கணுமே நீங்க! லிஃப்ட்டுக்கு இரும்பு வடம் முறுக்குவாங்கல்ல, அந்த மாதிரி முறுக்கி நுனியில ஒரு கிளிப் மாட்டியிருந்தாரு. அறுந்து விழாது மேடம்னு பெருமையா வேற சொன்னாரு. அதை அவிழ்க்கிறதுக்குள்ள எங்க ஆயாவுக்குக் கை மரத்துப் போச்சு. அவ அழவே இல்ல. மாமா நல்லாத்தான் பின்னுவாரு, உங்களுக்குத்தான் அவிழ்க்கத் தெரியலைன்னு சொன்னா.

சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிச்சா கன்னத்துல குழி விழுதே, அது அவளுக்கும் விழும். ஒரு பக்கம்தான்.

இப்பவா? இப்ப நல்லாப் பின்னுவாரு. பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் குடுத்தாங்க. ரெட்டைப் பின்னல்கூட வரும். அவரு வேலைக்குப் போனா பாத்துக்க ஆள் கிடையாது, அதனால லீவு நாள்ல கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு. துறைமுகத்தை ஒட்டி உசர உசரமா கட்டடம் இருக்கு இல்லையா, அதுல மேல்மாடிக்கும் மேல லிஃப்ட்டோட மோட்டார் ரூம். அங்க ஒரு மூலையில பாயை விரிச்சு உக்கார வச்சிட்டு இவரு வேலை பாப்பாரு. அங்கேருந்து பாத்தா கடல் தெரியும். அங்க வச்சுத்தான் அவ கேட்டிருக்கா, அம்மா எங்க மாமான்னு.

நீங்க தலையைக் குனியாதீங்க. நான் குத்திக் காட்டலை. உடம்புக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி மனசுக்கு வந்துச்சு உங்களுக்கு. வைத்தியம் பாத்தீங்க, தேறி வந்தீங்க. அதைச் சொல்லியிருக்கலாம் அவரு. நானா இருந்தா சொல்லியிருப்பேன்னு இப்ப உக்காந்துக்கிட்டுச் சொல்றது சுலபம். மூணு வயசுப் பிள்ளை கேக்குது. கையில ஸ்பானர். அம்மா ஆஸ்பத்திரியிலன்னு சொன்னா வா போலாம்னு கையைப் பிடிச்சு இழுக்கும். அந்தச் சமயத்துல நீங்க அவரையே அடையாளம் தெரியாம கத்திக்கிட்டு இருந்தீங்களாம். எங்க கூட்டிக்கிட்டுப் போறது? அவரு நிமிந்து பாத்திருக்காரு. எதிர்ல என்ன தெரியுது? கப்பல் தெரியுது. அதோ, அதுலன்னு சொல்லிட்டாரு.

ஆமாம்மா. கப்பல்ல வேலை பாக்குறீங்க நீங்க.

இருங்க, இருங்க, இதுக்கே இப்படிப் பாத்தா எப்படி? இது வெறும் ஆரம்பம். கப்பல்ல என்ன வேலைன்னு கேட்டிருக்கா. அந்த நேரம் பாத்து ஏதோ ஒரு கப்பல் ஹாரன் அடிச்சிருக்கு. இதான் வேலை, இந்த ஹாரன் அடிக்கிறதுன்னுட்டாரு. மனுஷன் ஜென்மத்துல ஒரு பொய் சொன்னதில்ல, சொன்ன முதல் பொய்யே கடல் அளவு. அன்னையிலேருந்து சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டா அது நீங்கதான். படிச்சிட்டியா, சாப்பிட்டியான்னு கேக்குறீங்க. ரெண்டு தடவை அடிச்சா தூங்குன்னு அர்த்தம். இவ மொட்டை மாடியில போய் நின்னு, படிச்சிட்டேன்மான்னு கத்துவாளாம். கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மேல வந்து, ஏம்பா உங்க வீட்டுப் பிள்ளை தினம் துறைமுகத்துக்கு ரிப்போர்ட் குடுக்குது, கஸ்டம்ஸ்ல வேலையான்னு கேட்டாராம். உங்க அண்ணன் அவளைக் கேப்டன்னுதான் கூப்பிடுவாரு. பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

அந்தப் பச்சை கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் மேல. ஆங். அவ்வளவு உசரம் இருப்பா இப்ப. தோள்கூட அதே அளவுதான். உங்க நெஞ்சு வரைக்கும் வருது பாருங்க. நீங்க விட்டுட்டுப் போனப்போ முழங்காலைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பா.

வச்சுக்கோங்க, மடிக்க வேண்டாம் அதை. மடியிலயே இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது என்னன்னா, பொய்யை ஒரு தடவை சொல்லி விட்டுட முடியுதா? தினமும் தீனி போட வேண்டியிருக்கு. படுக்கும்போது தினம் ஒரு கேள்வி கேப்பா. இவருக்கோ லிஃப்ட்டை விட்டா உலகத்துல ஒண்ணும் தெரியாது. அதனால அந்தக் கப்பல்ல எங்க பாத்தாலும் லிஃப்ட். சமையல் கட்டுக்கு ஒரு லிஃப்ட், ஹாரனுக்கு ஒரு லிஃப்ட், மீனைப் பாக்கணும்னா கீழ போறதுக்குக் கண்ணாடி லிஃப்ட். ஒண்ணுகூட பழுதாகாது. அம்மா பயப்படுவாங்களான்னு கேட்டா, ம்ஹூம், உங்கம்மா எதுக்கும் பயப்பட மாட்டா. அம்மா சத்தமா பேசுவாங்களா? சத்தமா பேசுவா, காத்துல கேக்கணும் இல்ல? அம்மாவுக்கு விசிலடிக்க வருமா? பிரமாதமா வரும்.

உங்களுக்கு வராதா? பரவால்ல விடுங்க. இப்ப முயற்சி பண்ண வேண்டாம்மா, வெறும் காத்துதான் வருது.

அம்மா உசரமான்னு ஒரு நாள் கேட்டிருக்கா. ஹாரன் கயிறு உசரத்துல தொங்கும், மத்தவங்க எல்லாம் ஸ்டூல் போட்டு ஏறுவாங்க, உங்கம்மா நின்ன இடத்துலேருந்தே இழுப்பான்னு சொல்லியிருக்காரு. நீங்க என்ன, அஞ்சடி இருப்பீங்களா? அதுக்கும் கம்மியா? நிமிந்து உக்காந்தா மட்டும் என்னம்மா ஆகப் போகுது, சும்மா இயல்பா உக்காருங்க.

எல்லாமே பொய்னு சொல்ல முடியாது. இடி இடிச்சா நீங்க சின்ன வயசுல பீரோவுக்குள்ள போய்ப் புகுந்துக்குவீங்களாமே, பூட்டிக்கிட்டு ஒரு தடவை வெளிய வர முடியாம உங்கப்பா கதவை உடைச்சாராமே? அப்போ நிஜம்தானா! எதுக்கும் பயப்படாதவன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரியே இதையும் சொல்லியிருக்காரு, பாருங்க கூத்தை. அவளுக்கு ரொம்பப் பிடிச்ச கதை அதுதான். அப்ப கப்பல்ல இடி இடிச்சா அம்மா எந்த பீரோவுக்குள்ள போவாங்கன்னு என்கிட்ட வந்து கேட்டா. கப்பல் பீரோவுக்குப் பூட்டு இருக்காதுன்னு நினைக்கிறேன் ஆன்ட்டின்னு அவளே சமாதானமும் சொல்லிக்கிட்டா.

நான் ஏன் சும்மா இருந்தேன்னு கேக்குறீங்க. கேக்க வேண்டியதுதான்.

இங்க ஒரு விதி உண்டும்மா. வீட்டுல சொன்னதுக்கு மேல நாங்க பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க ஒரு பையன்கிட்ட, உங்கப்பா வெளிநாட்டுல இல்லடா, ஜெயில்ல இருக்காருன்னு நல்லது நினைச்சுத்தான் சொல்லியிருக்காங்க. அந்தப் பையன் அப்பா மேல கோவப்படல. வெளிநாடுன்னு சொன்ன சித்தப்பா கூடப் பேசுறதை நிறுத்திட்டான். வளக்குறவரு மேல நம்பிக்கை போச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு நிக்கத் தரையே இல்ல. அதனால விதி போட்டாங்க. நல்ல விதிதான். நானே புதுசா வர்றவங்களுக்கு அதைத்தான் முதல்ல சொல்லிக் குடுக்குறேன். அது என் வாயையே கட்டும்னு யாரு கண்டா?

ஆனா அவருகிட்ட நான் சொல்லாத நாள் கிடையாது. சொல்லிடுங்க, அவ தாங்கிக்குவா, நீங்கதான் தாங்க மாட்டீங்கன்னு சொல்லுவேன். இந்த வாரம் சொல்றேன்பாரு. இங்க ஞாயித்துக்கிழமை துணி மடிக்க வர்றவங்கள்ல பஸ் டிரைவர் தாத்தா ஒருத்தர் இருக்காரு, மகளோட பிள்ளைங்களை வளக்குறவரு, வாயாடி. யோவ், உன் கப்பலைக் கரைக்குக் கொண்டு வாய்யா, டீசல் தீந்துடப் போகுதுன்னு எல்லார் எதிர்லயும் கேலி பண்ணுவாரு. இவரு சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு சாக்ஸுக்கு ஜோடி தேடுவாரு. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு என்கிட்ட சொன்னாரு. மேடம், நான் அவளுக்கு அம்மாவைப் பத்தி சொன்னதெல்லாம் பொய்தான். ஆனா உங்கம்மா நல்லா இருக்கா, உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கா, வந்துருவான்னு சொன்னேனே, அது பொய்யின்னு நான் நினைக்கல, அதை எப்படி மத்ததுலேருந்து பிரிச்சு எடுக்கிறதுன்னாரு. பாக்கலாம்னேன்.

அழுங்க, நல்லா அழுங்க. பச்சைக் கவுன்லயே துடைச்சுக்கோங்க, பரவால்ல, மறுபடி துவைச்சுக்கலாம்.

போட்டோவா? அதான், நானும் அதுக்குத்தான் வர்றேன். அவருகிட்ட இருந்தது உங்க கல்யாணப் போட்டோ ஒண்ணுதான். அதை அவ ஸ்கூல் பையில பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கா. நானும் பாத்திருக்கேன். இடுப்பு வரைக்கும் முடி, அதுல எது சொந்த முடின்னு உங்களுக்குத்தான் தெரியும். குதி உசந்த செருப்பு, உங்க பக்கத்துல நிக்கிறவரு குள்ளமா தெரியுறாரு. மூஞ்சியில அரை இன்ச்சுக்கு மேக்கப். கல்யாணப் போட்டோவுல யாரும்மா அவங்களா இருக்காங்க? என் போட்டோவைப் பாத்து என் மகனே இது யாரு பெரியம்மாவான்னு கேட்டான். சனிக்கிழமைன்னு தேதி முடிவானப்போ நான் உங்களுக்கு போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா? இப்ப எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்புங்கன்னு கேட்டேன். முடி இன்னும் வளரல மேடம், கொஞ்சம் வளரட்டும், நேர்லயே வர்றேனேன்னு சொன்னீங்க. நானும் விட்டுட்டேன். பொம்பளைக்குப் பொம்பளை அது புரிஞ்சுது. கட்டாயப்படுத்தியிருக்கணும்.

இல்ல, உங்களைச் சொல்லல. மருந்தால கொட்டின முடிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? இதுவே நல்லாத்தான் இருக்கு, கட்டையா, வேலைக்கு வசதியா. நான் சும்மா நடந்ததை வரிசையா சொல்லிப் பாக்குறேன், எங்க யாரு கையைப் பிடிச்சிருக்கணும்னு.

போன வாரம் அவரு அவகிட்ட சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். கேப்டன், கப்பல் கரைக்கு வருது, சனிக்கிழமை அம்மாவைப் பாக்குறோம். மிச்சத்தையும் சொல்லிடறேன்னுதான் வாயைத் திறந்தாராம். அதுக்குள்ள அவ எழுந்து போய் மொட்டை மாடியில நின்னு, சரிம்மா சரிம்மா, சனிக்கிழமைன்னு கடலைப் பாத்துக் கத்தியிருக்கா. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?

கதவை ஏன் பாக்குறீங்க? ஓ, அதுவா. கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்டினது நாங்கதான், உள்ள பேசுறவங்களை வெளிய இருக்கறவங்க பாக்கக் கூடாதுன்னு. கீழ பாருங்க, ஒரு இடத்துல சுரண்டியிருக்கா? அது பிள்ளைங்க வேலை. சரியா அவங்க கண்ணு உசரத்துக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி உள்ள யாரு இருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துக்குவாங்க. குடிச்சிட்டு வந்திருக்காரா, சண்டை போடுற மாதிரி இருக்காங்களா, அழுறாங்களான்னு பாத்துட்டு, அப்புறம்தான் கதவைத் தள்ளுவாங்க. புதுசா ஒட்டலாம்னு ஆயா கேட்டாங்க. வேண்டாம், அந்தப் பிள்ளைங்களுக்குன்னு இந்த வீட்டுல, இந்த ஊர்ல, அவங்க இஷ்டத்துக்கு இருக்கறது அந்த ஓட்டை ஒண்ணுதான், இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்.

மூணு தடவை சொல்ல வாயெடுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற எதையோ சொல்லிட்டு வர்றேன். மூட்டையும் தீரப் போகுது.

வந்தாங்கம்மா.

சொன்ன நேரத்துக்கு வந்தாங்க. நான் எழுந்து போனேனே, அப்பவே படியேறி வந்துட்டாங்க. ரெட்டைப் பின்னல், புதுச் சட்டை, நெஞ்சுல கைக்குட்டை குத்தியிருந்தா. உங்க அண்ணன் ஷேவ் பண்ணிட்டு, வெட்டுக் காயத்தோட. கேப்டன் நீ போய்ப் பாருன்னு சொன்னாரு. அவ நேரா கதவுகிட்டப் போனா, அந்த ஓட்டையில கண்ணை வச்சா.

பாத்தா. நல்லாப் பாத்தா. மூக்கு கதவுக் கண்ணாடியில அமுங்குற அளவுக்குப் பாத்தா. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி, கைப்பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் அவ பின்னாடி நின்னு அவ தலைக்கு மேல உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்புவாங்களா, சிரிப்பாங்களா, கன்னத்துல அது விழுமான்னு. நீங்க திரும்பல. உங்களுக்கு என்ன தெரியும்?

அவ திரும்பி வந்து, உள்ள அம்மா இல்ல மாமான்னா. வேற யாரோ ஒரு ஆன்ட்டி உக்காந்திருக்காங்கன்னா.

உங்க அண்ணன் வாயைத் திறந்தாரு. நான் அவரையே பாக்குறேன், சொல்லுய்யா, சொல்லுன்னு மனசுக்குள்ள கத்துறேன். அவரு திறந்த வாயை மூடிட்டாரு. அப்புறம், கப்பல் லேட்டு போலன்னாரு. அவரே நிமிந்து பாக்கல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். விதியாவது மண்ணாவதுன்னு தூக்கிப் போட்டிருக்கலாம். இவ்வளவு பேசுறேனே இங்க, அங்க ஒண்ணுமே வரல எனக்கு. பாக்கலாம்கூட வரல.

ஓடாதீங்கம்மா, உக்காருங்க. பஸ் எப்பவோ போயிருக்கும். கீழ போய் நின்னு யாரைத் தேடுவீங்க? பின்னாடி ஓடிப் போய் நான்தான் உங்கம்மான்னு ஒரு புது ஆள் சொன்னா அந்தப் பிள்ளை பயந்துடும். உக்காருங்க. அடுத்து என்னன்னு என்கிட்ட கேக்காதீங்க, எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? அவரு இன்னைக்குச் சொல்லிடறேன்னுதான் படி இறங்கும்போது சொன்னாரு. எத்தனை இன்னைக்கு பாத்துட்டேன் நான்.

அழுதாளான்னா, இல்ல. முகம் சின்னதாச்சு, அவ்வளவுதான். படி இறங்கினவ பாதியில நின்னா. என்ன நினைச்சாளோ, திரும்ப மேல ஏறி வந்தா. அந்த ஆன்ட்டியோட பாப்பாவும் இன்னும் வரலையான்னு என்கிட்ட கேட்டா. தலையாட்டினேன். வராம இருக்க மாட்டாங்க, கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்னு அவங்ககிட்ட சொல்லுங்க ஆன்ட்டின்னா. அது அவ மாமா அவகிட்ட தினம் சொல்றது.

அப்புறம் பையைத் திறந்து, இந்தாங்கன்னு குடுத்தா. அதான் அந்த பிஸ்கட். எடுத்துக்கோங்கம்மா. அவ பாதியை பஸ்ல வரும்போதே தின்னுட்டாளாம். இது அம்மாவுக்குன்னு வச்சிருந்த பாதி.